முதுகில் விழுந்த காற்று

ஆனி பிறந்துவிட்டால் சுந்தரபாண்டியபுரத்தில் யாரும் காற்றின் திசையைக் கேட்பதில்லை. மேற்கே செங்கோட்டை, ஆரியங்காவுப் பக்கம் மலைத்தொடர் கொஞ்சம் தாழ்ந்து வழிவிடுகிறது. அரபிக்கடலின் ஈரத்தைச் சுமந்து வரும் தென்மேற்குப் பருவக்காற்று, கேரளச் சரிவில் மழையைக் கொட்டி, குற்றாலத்தில் சாரலைத் தூவி, மிச்சமிருக்கும் வேகத்தோடு அந்தக் கணவாய் வழியாகச் சமவெளிக்குள் பாய்கிறது. மேகாற்று என்பார்கள் நம் பக்கத்தில். சூரியகாந்தி பார்க்க வருகிறவர்களின் குடையைப் பிடுங்குவதும் அதுதான். சுரண்டை, ஆய்க்குடி வட்டாரத்துக் காற்றாலைகளைச் சுழற்றுவதும் அதுதான். அந்த மாதங்களில் காற்றாலைகள் அத்தனையும் மேற்கைப் பார்த்தே நிற்கும்.

இந்தக் காற்றில் ஒரு கொக்கு வயலில் இறங்குவதைக் கவனித்துப் பாருங்கள். கிழக்கு நோக்கிப் பறந்து வந்தாலும், இறங்கும் தறுவாயில் ஒரு வளைவு வளைந்து மேற்கே முகத்தைத் திருப்பிக்கொள்ளும். காற்றை நெஞ்சில் வாங்கி, வேகத்தைக் கரைத்து, காலை ஊன்றும். முதுகில் காற்று விழும்படி அது இறங்குவது அபூர்வம். விமானத்துக்கும் விதி இதுவே. இந்த விதி மீறப்பட்ட ஒரு மாலைநேரத்தைப் பற்றித்தான் இங்கே சொல்லப் போகிறேன். நம் ஊருக்குச் சாரலை அனுப்பும் அதே பருவக்காற்று, மலைக்கு அந்தப் பக்கம் கோழிக்கோட்டில் வீசிக்கொண்டிருந்த மாலை அது: 2020 ஆகஸ்ட் 7. அதற்கு முந்தைய இரவில்தான் மூணாறு அருகே பெட்டிமுடியில் மலை சரிந்து, தேயிலைத் தோட்டத் தமிழ்த் தொழிலாளர்களின் குடியிருப்பை மண்ணில் புதைத்தது. பருவமழை அவ்வளவு உக்கிரமாக இருந்த வாரம்.

துபாயிலிருந்து 190 பேருடன் வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் 1344, இரவு 7.40 மணியளவில் கோழிக்கோடு விமான நிலைய ஓடுதளத்தின் முனையைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்து மூன்றாகப் பிளந்தது. பயணிகள் 19 பேரும் விமானிகள் இருவரும் இறந்தார்கள். கொரோனா முடக்கத்தில் வெளிநாடுகளில் சிக்கியவர்களை அழைத்துவர அரசு நடத்திய வந்தே பாரத் பயணங்களில் ஒன்று அது. வேலை இழந்தவர்களும் கர்ப்பிணிகளும் கைக்குழந்தைகளும் இருந்த விமானம். கடையநல்லூரிலும் தென்காசியிலும் வளைகுடாவுக்கு ஆள் அனுப்பாத தெருக்கள் குறைவு. அதனால் இந்தச் செய்தி நமக்கு அயலூர்ச் செய்தி ஆகாது.

காற்றிலிருந்து தொடங்குவோம். விமானத்தின் இறக்கைக்குத் தரை தெரியாது. காற்று மட்டும்தான் தெரியும். தன்மேல் எவ்வளவு வேகத்தில் காற்று ஓடுகிறதோ அதற்கேற்ப இறக்கை எடையைத் தாங்கும். அந்த வேகம் ஓர் அளவுக்குக் கீழே போனால் தாங்காது. ஆகவே இறங்கும்போது விமானி கடைப்பிடிக்கும் வேகம் காற்றைப் பொறுத்த வேகம். ஆனால் சக்கரம் தொடுவது தரையை. பிரேக் பிடித்து நிறுத்த வேண்டியதும் தரையைப் பொறுத்த வேகத்தைத்தான். ஆற்றில் தோணி ஓட்டுகிறவர், அதே துடுப்பு வேகத்தில் நீரோட்டத்தை எதிர்த்துப் போனால் கரையை மெல்லக் கடப்பார், நீரோட்டத்தோடு போனால் விரைந்து கடப்பார். விமானத்தின் நிலையும் அதுதான். எதிர்க்காற்று தரைவேகத்தைக் குறைக்கிறது, பின்காற்று கூட்டுகிறது.

எவ்வளவு கூட்டும்? பயிற்சிப் பள்ளிகளில் ஓடும் சின்னஞ்சிறு செஸ்னா 172 விமானத்தை எடுத்துக்கொள்வோம். நான்கு பேர் அமரும் ஒற்றை எஞ்சின் வண்டி. அதன் கையேடு தெளிவாகச் சொல்கிறது: எதிர்க்காற்று ஒவ்வொரு 9 நாட்டுக்கும் இறங்கு தூரத்தில் 10 விழுக்காடு குறைத்துக்கொள்ளலாம்; பின்காற்றாக இருந்தால் ஒவ்வொரு 2 நாட்டுக்கும் 10 விழுக்காடு கூட்ட வேண்டும், அதுவும் 10 நாட் வரைக்கும்தான். நாட் என்பது மணிக்குச் சுமார் 1.85 கிலோமீட்டர். ஆக, மணிக்கு 18 கிலோமீட்டர் பின்காற்று, நம் ஊரில் கொடியில் காயும் வேட்டியைக் கொஞ்சம் படபடக்க வைக்கும் காற்று, அந்தக் குட்டி விமானத்தின் இறங்கு தூரத்தை ஒன்றரை மடங்காக்கிவிடும். எதிர்க்காற்று செய்யும் உதவியைக் காட்டிலும் பின்காற்று செய்யும் கெடுதல் பல மடங்கு பெரிது. கையேடு எழுதியவர்கள் பாதுகாப்புக்காகக் கொஞ்சம் கடுமையாகவே எழுதியிருப்பார்கள் என்றாலும், இந்த ஏற்றத்தாழ்வுக்கு இயற்பியலிலேயே வேர் இருக்கிறது. ஓடும் பொருளின் இயக்க ஆற்றல், வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. வேகம் இரட்டித்தால் ஆற்றல் நான்கு மடங்கு. பிரேக்கும் டயரும் எஞ்சின்களின் எதிர்விசையும் சேர்ந்து தின்று தீர்க்க வேண்டியது அந்த ஆற்றலைத்தான்.

கோழிக்கோட்டில் அன்று போயிங் 737 ஓடுதளத்தைத் தொட்டபோது பின்காற்றின் பங்கு 14 நாட். தரைவேகம் 165 நாட், அதாவது மணிக்கு 305 கிலோமீட்டர். அதே விமானம், அதே காற்றில், எதிர்ப்பக்கமிருந்து இறங்கியிருந்தால் தரைவேகம் ஏறத்தாழ 137 நாட்டாக இருந்திருக்கும். இரண்டையும் வர்க்கம் செய்து வகுத்துப் பாருங்கள்: சுமார் 45 விழுக்காடு கூடுதல் ஆற்றல். திசை ஒன்றை மாற்றியதில் மட்டும் இவ்வளவு வித்தியாசம்.

எதிர்ப்பக்கம் என்றேனே, அது என்ன என்று சொல்லிவிடுகிறேன். ஒவ்வோர் ஓடுதளத்துக்கும் இரண்டு எண்கள் உண்டு. காந்த ஊசி காட்டும் திசையின் பாகையைப் பத்தால் வகுத்துக் கிடைப்பவை அவை. கோழிக்கோட்டின் ஓடுதளம் ஏறக்குறைய கிழக்கு மேற்காகக் கிடக்கிறது. மேற்கு நோக்கி இறங்கினால் அதன் பெயர் 28. கிழக்கு நோக்கி இறங்கினால் 10. தூத்துக்குடி வாகைக்குளம் ஓடுதளத்துக்கும் இதே எண்கள்தான். தென்மேற்குப் பருவத்தில் கடற்காற்று மேற்கிலிருந்து வருவதால் 28-ல் இறங்குவதே இயல்பு. கொக்கு செய்வதும் அதைத்தான்.

விமானத்தின் தலைவர் தீபக் சாத்தே முதலில் செய்ததும் அதைத்தான். அவர் விமானப்படையில் இருந்தவர், பயிற்சியில் முதலிடத்துக்கான கௌரவ வாள் பெற்றவர், இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனத்தில் சோதனை விமானியாகப் பணியாற்றியவர், பத்தாயிரம் மணி நேரத்துக்கு மேல் பறந்தவர். 28-ஐ நோக்கி இறங்கி வந்தார். முடிவெடுக்க வேண்டிய உயரம் வந்தும் மழைத்திரைக்குப் பின்னால் ஓடுதளம் தென்படவில்லை. விதிப்படி எஞ்சினைக் கூட்டி மறுபடி மேலே எழுந்துவிட்டார். இதை விமானிகள் கோ-அரவுண்ட் என்பார்கள். அந்த முதல் முயற்சியை அவர் கைவிட்டது முழுக்கச் சரியான செயல். இந்த விபத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் இதைச் சொல்ல மறந்துவிடுகிறார்கள்.

அதே முயற்சியின்போது வேறொன்றும் நடந்தது. அவர் பக்கத்துக் கண்ணாடியின் வைப்பர் 27 விநாடி ஓடிவிட்டு நின்றுபோனது. இரண்டாம் முயற்சியில் அது ஓடியது, ஆனால் அவர் வைத்த வேகத்தில் ஓடவில்லை, மெதுவாக ஓடியது. பேருந்து ஓட்டுநருக்கு இது எரிச்சல். வண்டியை ஓரங்கட்டிக் கண்ணாடியைத் துடைத்துவிட்டு எடுக்கலாம். இரவில், மழையில், நொடிக்கு 85 மீட்டர் வேகத்தில் தரையை நெருங்கும் ஒருவருக்கு அது வேறு. கண்ணாடியில் வழியும் நீர் ஒளியை வளைக்கிறது. ஓடுதள விளக்குகள் கலங்கித் தெரிகின்றன. உயரத்தைப் பற்றிய கண்ணின் கணிப்பு பிசகுகிறது. இறங்குவதில் கடைசிச் சில விநாடிகள், விமானத்தின் மூக்கைச் சற்றே தூக்கிச் சக்கரத்தைத் தரையில் வைக்கும் கணம், கருவிகளைப் பார்த்துச் செய்யும் வேலை அல்ல. கண் பார்த்துச் செய்யும் வேலை. அந்தக் கண்ணுக்கு முன்னால் இருந்த வைப்பர்தான் அன்று பழுது.

இரண்டாம் முயற்சிக்கு முன் ஓடுதளத் திசை மாறியது. புறப்படத் தயாராக இருந்த இன்னொரு ஏர் இந்தியா விமானம் 10-ஐக் கேட்டது. கட்டுப்பாட்டுக் கோபுரம் மாற்றிக் கொடுத்தது. பிறகு 1344-யிடமும் 10-ல் இறங்க விருப்பமா என்று கேட்கப்பட்டது, ஒப்புக்கொள்ளப்பட்டது. கோபுரம் தந்த காற்றின் வேகம் 8 நாட், திசை 250 பாகை, அதாவது ஏறத்தாழ மேற்கு தென்மேற்கு. 8 நாட் என்றால் எந்த வரம்பையும் மீறாத எண். ஆனால் தரையருகே கருவி ஒன்று காட்டும் காற்று, நூறு இருநூறு அடி உயரத்திலோ ஓடுதளத்தின் மறுமுனையிலோ வீசும் காற்றாக இருக்க வேண்டியதில்லை. மழைமேகம் நகரும் நேரத்தில் காற்று நிமிடத்துக்கு நிமிடம் மாறும். விசாரணை அறிக்கை இந்தத் திசை மாற்றத்தைத் துணைக் காரணங்களில் ஒன்றாகவே எழுதியது: ஒரு விமானம் புறப்பட வசதியாக அவசரத்தில் செய்யப்பட்ட மாற்றம், மழையில் நனைந்த தளத்தில் பின்காற்றோடு இறங்கப்போகும் இன்னொரு விமானத்துக்கு என்ன செய்யும் என்று எண்ணிப் பார்க்கப்படவில்லை.

கீழே இறங்க இறங்க நிலைமை கைமீறியது. தரையை நெருங்கும் விமானம் ஓர் ஒழுங்கில் வர வேண்டும். சுமார் 3 பாகைச் சரிவு, குறித்த வேகம், குறித்த இறக்க வீதம், சீரான எஞ்சின் விசை. இதில் எது பிசகினாலும், குறிப்பிட்ட உயரத்துக்குக் கீழே, திருத்தப் பார்க்காமல் மேலே எழுந்துவிட வேண்டும் என்பது உலகெங்கும் விமான நிறுவனங்களின் விதி. அன்று கடைசி 500 அடியில் இறக்க வீதம் வரம்பைத் தாண்டியது. துணை விமானி அகிலேஷ் குமார் அதைச் சொன்னார். பிறகு ஓடுதளத்தின் மேல் விமானம் தரையைத் தொடாமல் மிதந்துகொண்டே போனது. இறங்க வேண்டிய பகுதி பின்னால் போய்விட்டது. துணை விமானி ‘கோ-அரவுண்ட்’ என்றார். விமானம் எழவில்லை.

சக்கரங்கள் தொட்ட இடம், ஓடுதளத்தின் தொடக்கத்திலிருந்து 4,438 அடி. ஓடுதளத்தின் நீளம் 8,858 அடி. சரியாகப் பாதி தீர்ந்திருந்தது. சாதாரணமாக ஆயிரம் அடியை ஒட்டித் தொட வேண்டிய விமானம் அது. கூடுதலாகப் போன ஆயிரத்துச் சொச்சம் மீட்டரை அந்த வேகத்தில் கடக்க 12 விநாடி போதும். ஒரு மனிதர் தன் மேலதிகாரியிடம் “ஐயா, இது சரியில்லை” என்று சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்து முடிக்கும் நேரம்.

ஓடுதளத்தின் நீளத்தைப் பற்றிப் பலர் குறைப்பட்டார்கள். விமானம் புறப்படும் முன்னரே இறங்குமிடத்துக்கான கணக்கு போடப்படுகிறது. உலர்ந்த தளத்தில், சோதனையில் நின்ற தூரம் ஓடுதளத்தின் 60 விழுக்காட்டுக்குள் அடங்க வேண்டும். தளம் ஈரம் என்றால் அதற்கு மேல் இன்னும் 15 விழுக்காடு கூட்டிக்கொள்ள வேண்டும். அதாவது, மனிதத் தவறுக்கும் இயற்கையின் விளையாட்டுக்கும் என்று தாராளமாகவே இடம் விடப்பட்டிருக்கிறது. ஆனால் அந்த மிச்சம் முழுவதும், விமானம் தொட வேண்டிய இடத்தில் தொடும் என்ற நம்பிக்கையில் போடப்பட்டது. பாதியில் தொட்டால் எந்த மிச்சமும் கைகொடுக்காது. அன்று பின்காற்று, ஈரத்தளம், தாமதமாகத் தொட்டது மூன்றும் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறின. தளத்தின் முனையைக் கடந்தபோது விமானத்தின் வேகம் இன்னும் 84.5 நாட், மணிக்குச் சுமார் 156 கிலோமீட்டர். சமதரையாக இருந்திருந்தால் சேற்றில் புதைந்து நின்றிருக்கலாம். கோழிக்கோடு சமதரை இல்லை. குன்றின் தலையைச் சீவி அமைத்த டேபிள்டாப் ஓடுதளம். முனைக்கு அப்பால் 110 அடி ஆழத்துக்குச் சரிவு.

விழுந்த விமானம் தீப்பிடிக்கவில்லை. கொண்டோட்டிப் பகுதி மக்கள் மழையில் ஓடிவந்தார்கள். கொரோனா பரவிக்கொண்டிருந்த நாட்கள். வெளிநாட்டிலிருந்து வந்தவர்களைத் தொடவே ஊர் பயந்த காலம். அவர்கள் குழந்தைகளைக் கையில் ஏந்தி, தங்கள் வண்டிகளிலேயே மருத்துவமனைகளுக்குக் கொண்டுபோனார்கள். இரவோடு இரவாக இரத்தம் கொடுக்க வரிசையில் நின்றார்கள். 169 பேர் பிழைத்ததில் அவர்களுக்கும் பங்குண்டு.

விமான விபத்து விசாரணைப் பிரிவின் அறிக்கை 2021 செப்டம்பரில் வெளியானது. வரையறுத்த நடைமுறையைப் பின்பற்றாமல், நிலைகுலைந்த இறக்கத்தைத் தொடர்ந்ததும், துணை விமானி சொல்லியும் மேலே எழாததும், துணை விமானி தாமே கட்டுப்பாட்டை எடுத்து விமானத்தை எழுப்பாததும் காரணம் என்றது. மறுநாள் நாளிதழ்களில் ‘விமானியின் தவறே காரணம்’ என்று தலைப்பு வந்தது. பெரும்பாலோர் அத்தோடு படிப்பதை நிறுத்தியிருப்பார்கள். என் வாதமே அங்கேதான் தொடங்குகிறது. ‘விமானியின் தவறு’ என்ற சொல் ஒரு கேள்வியின் தொடக்கமாக இருக்க வேண்டும். அதை முடிவாக எடுத்துக்கொள்ளும் ஊரில் அதே விபத்து மறுபடி நடக்கும். நடந்துமிருக்கிறது.

அவ்வளவு அனுபவம் உள்ளவர், முதல் முறை சரியாக மேலே எழுந்தவர், இரண்டாம் முறை ஏன் எழவில்லை? வேறு நிலையத்துக்குப் போக விமானத்தில் எரிபொருள் இருந்தது. அறிக்கையின் உள்ளே போனால் ஒரு விவரம் கண்ணில் படுகிறது. மறுநாள் காலை கோழிக்கோட்டிலிருந்து கிளம்ப வேண்டிய இன்னொரு விமானத்துக்கும் அவரே தலைவராக நியமிக்கப்பட்டிருந்தார். இரவு வேறு ஊரில் இறங்கினால், கட்டாய ஓய்வு விதி குறுக்கே வந்து, காலை விமானத்துக்குத் தலைவர் இல்லாமல் போகும். கோழிக்கோட்டில் அந்த நிறுவனம் நிலையாகப் பணியமர்த்தியிருந்த துணை விமானிகள் 26 பேர். கேப்டன் ஒரே ஒருவர். இந்த நியமனக் கொள்கை பிழையானது என்று அறிக்கை வெளிப்படையாகவே எழுதியது. எப்படியாவது கோழிக்கோட்டிலேயே இறங்கிவிட வேண்டும் என்ற உந்துதல் அவர் மனத்தில் எங்கிருந்து வந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான விடை வேண்டியதில்லை. ஓர் அலுவலக மேசையில், யாருக்கும் கெடுதல் நினைக்காத ஒருவர், பணியாளர் பட்டியலை நிரப்பியபோது இந்த விபத்தின் ஒரு துண்டு எழுதப்பட்டுவிட்டது. சர்க்கரையைக் குறைக்கும் மருந்துகளால் தலைவரின் நிதானம் இலேசாக மங்கியிருக்கக்கூடும் என்ற ஊகத்தையும் அறிக்கை பதிவுசெய்தது.

பிரிட்டிஷ் உளவியலாளர் ஜேம்ஸ் ரீசன் விபத்துக் காரணங்களை இரண்டாகப் பிரித்தார். விபத்துக் கணத்தில் கைப்பிடியைப் பிடித்திருப்பவர் செய்யும் தவறு ஒருவகை. பல மாதங்களுக்கு, சில சமயம் பல வருடங்களுக்கு முன்பே அமைப்புக்குள் விதைக்கப்பட்டு, தகுந்த நாளுக்காகக் காத்திருக்கும் குறை இன்னொரு வகை. முதல்வகையைச் செய்தவர் பெரும்பாலும் இறந்துவிடுகிறார், அல்லது தண்டிக்கப்படுகிறார். இரண்டாம் வகை பத்திரமாக இருக்கிறது. சர்வதேசச் சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் 13-ஆம் இணைப்பு, விபத்து விசாரணையின் ஒரே நோக்கம் இனியொன்றைத் தடுப்பதே, பழி சுமத்துவது அல்ல என்று வகுத்து வைத்திருப்பதற்குக் காரணம் இந்த இரண்டாம் வகைதான்.

துணை விமானியிடம் வருவோம். அவர் அபாயத்தைப் பார்த்தார், சொன்னார். விதிப்படி அவர் கட்டுப்பாட்டைப் பறித்திருக்க வேண்டும். எழுதிவைப்பது எளிது. பக்கத்தில் இருப்பவர் தன்னைவிட ஐந்து மடங்கு மணிநேரம் பறந்தவர், விமானப்படையில் பேர் வாங்கியவர், வயதில் மிக மூத்தவர். பெரியவர் பேசும்போது குறுக்கே பேசாதே என்று சிறுவயது முதல் வளர்க்கப்படும் நாடு நம்முடையது. இருவருக்கும் இடையிலான இந்த ஏற்றத்தாழ்வை அதிகாரச் சரிவு என்று விமானப் பாதுகாப்புத் துறையில் அழைக்கிறார்கள். சரிவு செங்குத்தாக இருந்தால் கீழே இருப்பவரின் குரல் மேலே ஏறாது. அதற்காக மரியாதையை ஒழிக்கச் சொல்லவில்லை யாரும். இன்ன நிலையில் இன்ன சொல் காதில் விழுந்தால், சொன்னவர் யாராக இருந்தாலும், கேட்டவர் யோசிக்காமல் விமானத்தை எழுப்ப வேண்டும் என்பதைச் சிமுலேட்டரில் மறுபடி மறுபடி செய்து, அதை உடம்பின் பழக்கமாகவே ஆக்க வேண்டும் என்கிறார்கள். குரல் கொடுப்பவருக்கு வீரம் தேவைப்படாத ஏற்பாடு அது.

இதே கதையை நாம் ஏற்கெனவே கேட்டிருக்கிறோம். 2010 மே 22. அதே நிறுவனம், அதே துபாய், இன்னொரு டேபிள்டாப் நிலையம்: மங்களூர். அங்கே 8,033 அடி ஓடுதளத்தில் விமானம் தொட்டது சுமார் 5,200 அடியில். பயணத்தில் நெடுநேரம் தூங்கியிருந்த கேப்டன், விழித்த மந்தம் தெளியாமல், மிக உயரத்திலிருந்து இறக்கிக்கொண்டு வந்தார். துணை விமானி மேலே எழச் சொல்லித் திரும்பத் திரும்பக் குரல் கொடுத்தார். கட்டுப்பாட்டை எடுக்கவில்லை. அவருக்கு அந்த அதிகாரம் உண்டா என்பதில் நிறுவனத்தின் விதிகளிலேயே தெளிவில்லை என்று அந்த விசாரணை கண்டது. 158 பேர் இறந்தார்கள். 8 பேர் பிழைத்தார்கள். பத்து வருடம் கழித்து, மேற்குத் தொடர்ச்சி மலையின் அதே பக்கத்தில், ஏறக்குறைய அதே வாக்கியங்களை இன்னோர் அறிக்கை எழுத வேண்டி வந்தது. எனக்கு இந்த இரண்டு விபத்துகளிலும் மிகவும் வலிப்பது இதுதான்.

நம் மலைக்கும் ஒரு பழைய வடு இருக்கிறது. 1971 டிசம்பர் 9 அன்று திருவனந்தபுரத்திலிருந்து மதுரைக்கு வந்த இந்தியன் ஏர்லைன்ஸின் ஆவ்ரோ விமானம், மங்கலான வெளிச்சத்தில் கண்பார்வையை நம்பிக் கீழே இறங்கி, சின்னமனூர் பக்கத்து மலையில் மோதியது. 31 பேரில் 21 பேர் இறந்தார்கள். அது வேறுவகை விபத்து. ஓடுதளத்தை எட்டவே இல்லை. தரை நெருங்குகிறது என்று கத்தி எச்சரிக்கும் கருவி அதற்குப் பிந்தைய வருடங்களில்தான் விமானங்களில் கட்டாயமாகத் தொடங்கியது. அந்தக் கருவி வந்த பிறகு மலையில் மோதும் விபத்துகள் உலகெங்கும் வெகுவாகக் குறைந்தன. ஓடுதளத்தைத் தாண்டி ஓடும் விபத்துகள் அந்த அளவுக்குக் குறையவில்லை.

ஏன்? போயிங் நிறுவனம் ஆண்டுதோறும் வெளியிடும் தொகுப்பில், பறக்கும் நேரத்தில் கடைசி இறக்கமும் தரையிறக்கமும் 4 விழுக்காடு அளவே. உயிர்ப்பலி வாங்கிய விபத்துகளில் ஏறக்குறைய பாதி அந்த நேரத்தில். ஃப்ளைட் சேஃப்டி ஃபவுண்டேஷன் நடத்திய ஆய்வு இன்னும் உறைக்கிறது. ஒழுங்கு குலைந்து வரும் இறக்கங்களில் சுமார் 3 விழுக்காடு மட்டுமே கோ-அரவுண்டில் முடிகின்றன. மீதி 97 விழுக்காட்டில் விமானிகள் விதியை மீறி இறங்கிவிடுகிறார்கள். ஏறக்குறைய எல்லாமே நல்லபடியாக முடிகின்றன என்பதுதான் சிக்கல். விதியை மீறியும் ஒன்றும் ஆகாத ஒவ்வொரு முறையும், விதி கொஞ்சம் மிகையானது என்ற பாடத்தை விமானி கற்றுக்கொள்கிறார். நிறுவனமும் கற்றுக்கொள்கிறது. பின்காற்றும் ஈரமும் பழுதான வைப்பரும் அயர்ச்சியும் ஒரே இரவில் கூடும்போதுதான் விதியின் விலை தெரியவருகிறது.

பெரிய விமானத்துக்குச் சொன்ன எல்லாம் சின்ன விமானத்துக்கும் பொருந்தும். சில, கூடுதலாகவே பொருந்தும். ஒற்றை எஞ்சின் விமானத்தில் பெரும்பாலும் விமானி ஒருவரே. குரல் கொடுக்கத் துணை விமானி கிடையாது. அதன் இறங்கு வேகம் 60 நாட்டுக்குப் பக்கத்தில் என்பதால், 10 நாட் பின்காற்று அதற்கு ஆறில் ஒரு பங்கு. 737-க்குப் பதினைந்தில் ஒரு பங்குதான். டயரில் காற்றழுத்தம் குறைவாக இருப்பதால், தேங்கிய நீரின் மேல் சக்கரம் மிதந்து வழுக்கத் தொடங்கும் வேகமும் குறைவு. 2023 செப்டம்பர் 14 அன்று மும்பையில் கனமழையில் இறங்கிய லியர்ஜெட் 45 என்ற சிறிய தனியார் ஜெட், ஓடுதளத்திலிருந்து விலகி உடைந்தது. எட்டுப் பேரும் பிழைத்தது நல்லூழ்.

தூத்துக்குடி ஓடுதளம் 1,350 மீட்டரிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு மேலாக நீட்டப்பட்டிருக்கிறது. 2025 ஜூலையில் புதிய முனையமும் திறக்கப்பட்டது. ஆனியிலும் ஆடியிலும் நம் பக்கத்து மேகாற்று அங்கே வரைக்கும் வீசும். இனி அங்கே பெரிய விமானங்களும் வரும். நீளமான ஓடுதளம் நல்லது, வேண்டியது. ஆனால் கோழிக்கோட்டில் இறங்கிய விமானம் அங்கிருந்த ஓடுதளத்தில் பாதியைத் தொடாமலேயே கடந்துவிட்டது என்பதை மறக்க வேண்டாம்.

விமானத்தில் வரும் நம்மாலும் ஒன்று செய்ய முடியும். இறங்கப்போன விமானம் திடீரென்று எஞ்சின் அலறலோடு மேலே எழும். அல்லது திருவனந்தபுரத்துக்கு வர வேண்டியது கோயம்புத்தூரில் போய் நிற்கும். அப்போது விமானப் பணிப்பெண்ணிடம் சத்தம் போடாதீர்கள், விமானிக்கு ஓட்டத் தெரியவில்லை என்று வீடியோ எடுத்துப் போடாதீர்கள். வெளியே காத்திருக்கும் உறவினர்களுக்கும் சொல்லி வையுங்கள். அந்தத் தாமதத்துக்காக எந்த நிறுவனமும் தன் விமானியிடம் விளக்கம் கேட்கக் கூடாது என்று பயணிகளாகிய நாமே கேட்க வேண்டும்.